மூணாந் தண்ணி

என் நாத்தனாரின் நெற்றியிலிருந்து இரத்தம் வழிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்துவிட்டார்.

இரண்டும் ஒரே படத்தில்தான் இருந்தன. கைப்பேசியை அரிசி டின்மேல் சாய்த்து வைத்திருந்தோம். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் கதவோரம். கணவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து முன்னால் குந்தியிருந்தார். தெற்காசிய நாடுகளின் இளம்பெண்கள் ஆடும் கால்பந்துப் போட்டி அது. எங்கள் வீட்டுப் பெண் இந்தியாவுக்காக ஆடினாள். பதினெட்டு வயது. நடுவில் நின்று தடுப்பதுதான் அவள் வேலை. பந்தோடு வருகிறவள் எவளாக இருந்தாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதுவரை என் கணவருக்கு அன்று ஒரே கொண்டாட்டம். தங்கை ஒவ்வொரு முறை சறுக்கிக்கொண்டு போய் எதிரியின் காலடியிலிருந்து பந்தைப் பிடுங்கும்போதும் தன் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"அப்பிடித்தான்! வுடாத! கால ஒட! அவ கால ஒடச்சி கையில குடு!"

எனக்குத்தான் பார்க்க முடியவில்லை. யாராவது விழும்போதெல்லாம் குழந்தையின் கண்ணைப் பொத்தினேன். பிறகு அவள் கண்ணை ஏன் பொத்துகிறேன், என் கண்ணைத்தானே பொத்த வேண்டும் என்று தோன்றியது. ஒரு கார்னர் பந்து உயரமாக வந்தது. இவளும் ஒரு சிவப்புச் சட்டைக்காரியும் ஒன்றாக எகிறினார்கள். தலையும் தலையும் மோதின. சத்தம் கேட்டிருக்க முடியாது, ஆனால் எனக்குக் கேட்டது. அந்தப் பெண் அப்படியே சாய்ந்தாள். இவள் எழுந்து நின்றுவிட்டாள். புருவம் பிளந்து, கண்ணுக்குள் இரத்தம் இறங்கி, மூக்கோரமாக வாய் வரைக்கும் வந்தது. நாக்கால் நக்கித் துப்பினாள். யாரோ துணியைக் கொடுக்க, இடது கையால் நெற்றியில் அழுத்திப் பிடித்தாள். கேமரா கிட்டே போனது.

அந்தக் கையில் காப்பு இல்லை.

காப்பைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம், கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற ஊர். பின்னால் கல்வராயன் மலை. ஆடியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டிப் போய் இராத் தங்கக் கூடாது. வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள்கூட மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். தங்கினால் அந்த வீட்டில் அம்மை போடும் என்பார்கள். ஊருக்கே போடும் என்று சொல்கிறவர்களும் உண்டு.

அந்த வருடம் அணியில் அவள் பெயர் வந்ததும் கள்ளக்குறிச்சி போகிற சாலையில் அவள் படம் போட்ட பிளெக்ஸ் வைத்தார்கள். அண்ணன் என்று என் கணவர் படமும் மூலையில் சின்னதாக இருந்தது. தினமும் அந்த வழியாக வண்டியை மெதுவாக ஓட்டிப் போவார். பிறகு திருவிழாத் தேதி குறித்தார்கள். அணி கிளம்புகிற நாள் காப்புக் கட்டின பிறகு வந்தது. ஊரில் இரண்டு பெரியவர்கள் அவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களிடம் அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தார். மாட்டுக் கொட்டகையில் மாட்டிய கயிற்றை எடுத்தார்.

"நீ போவலன்னு சொல்லு."

"போவேன்ண்ணா."

முதல் அடி முதுகில் விழுந்தது. அவள் ஓடவில்லை. தலையைக் குனிந்து, தோளை முன்னால் கொண்டுவந்து, கால்களை அகட்டி நின்றாள். மைதானத்தில் அவள் நிற்கிற அதே நிற்பு. அடிக்க அடிக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கால் நகரவில்லை. குழந்தை பார்க்கிறாள், உள்ளே தூக்கிப் போ என்று மனசு சொன்னது. போனால் இவளை யார் பார்ப்பது என்றும் சொன்னது. கடைசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில், உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல் நின்றேன். சட்டை கிழிந்து முதுகில் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது.

மாமியார்தான் வழி கண்டுபிடித்தார். கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் ஒரு காப்புக் கயிறு கேட்டு வாங்கி வந்தார். மஞ்சள் துண்டு முடிந்த கயிறு. மகளின் கையைப் பிடித்து இழுத்துக் கட்டினார்.

"இது கையில இருக்கிற வரைக்கும் நீ ஊர்லதான் இருக்கற. எங்க போயி ஆடினாலும் மாரியம்மா எல்லைக்குள்ளதான் ஆடற. புரியுதா? அவுத்தியோ, தொலஞ்ச."

அப்படி ஒரு முறை உண்டா என்று எனக்குத் தெரியாது. அவராகச் செய்ததென்றுதான் நினைக்கிறேன். ஆனால் கணவருக்கு அது போதுமாக இருந்தது. பெரியவர்களிடம் போய்ச் சொல்லவும் ஒரு வார்த்தை கிடைத்தது. பஸ் ஏறும்போது நான் அவளைத் தனியாகக் கேட்டேன்: "ஆடும்போது இதெல்லாம் வுடுவாங்களா?"

"ஸ்டேட் மேட்ச்ல எல்லாரும் கயிறு கட்டிக்கினுதான் ஆடுவோம் அண்ணி. மேல டேப்பு சுத்திட்டா போச்சு."

நானும் நம்பினேன். எல்லா நாட்டுக்காரர்களும் ஆடுகிற இடத்தில் நூல்கூடக் கையில் இருக்கக் கூடாது, டேப் சுற்றி மறைக்கவும் கூடாது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

கைப்பேசியில் அவளுக்குத் தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டுப் போட்டு மறுபடி உள்ளே அனுப்பினார்கள். கணவர் தொடையில் தட்டவில்லை.

"கையில இன்னா இல்ல, பாத்தியா?" என்றார் தன் அம்மாவிடம்.

மாமியார் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கணவர் வீசிய கைப்பேசி சுவரில் போய் மோதிச் சிதறியது. பிறகு அரிசி டின்னை உதைத்தார். அரிசி வாசல்வரை சிந்தியது. "கயித்துமேல எத்தினியோ டிசைன்ல டேப்பு சுத்துவாங்க, உள்ள இருக்கும்" என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். முடிக்கவில்லை. கன்னத்தில் விழுந்தது. பல்லில் பட்டு உதடு வெடித்து வாயில் உப்பு ஊறியது. குழந்தை என் மடியிலிருந்து அரிசிமேல் சரிந்து அலறினாள்.

"நீதான் சொல்லிக் குடுத்து அனுப்பின. படிச்சவ திமிரு."

ஆட்டம் எப்படி முடிந்தது என்று எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே குழந்தைக்கு உடம்பு சுட்டது.

முதலில் நெஞ்சில் இரண்டு சிவப்புப் புள்ளி. காலையில் முதுகு, கழுத்து, காது மடல். நீர் கோத்த முத்துகள். மாமியார் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தவர் உடனே கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா போட்டிருக்கு."

எனக்கு அது என்னவென்று தெரியும். சின்னம்மை. உடம்புக்குள் புகுந்து இரண்டு வாரமாவது ஆன பிறகுதான் வெளியே தெரியும். காப்பு அவிழ்ந்ததற்கு முன்பே, கோயில் கூட்டத்திலோ அங்கன்வாடியிலோ ஒட்டியிருக்கும். இதைக் கணவரிடம் சொன்னேன். "உன் படிப்ப அடுப்புல போடு" என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை. ஏனென்றால், குழந்தை சொறிய முடியாமல் உருண்டு அழும்போது, எனக்குள்ளும் ஒரு குரல், அந்தக் கயிறு இருந்திருந்தால் என்று ஆரம்பித்தது. படித்ததெல்லாம் அப்போது எங்கே போனது என்று தெரியவில்லை. அவளைப் போக விட்டிருக்கக் கூடாதோ. வாசற்படியில் நின்ற அன்றே உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்க வேண்டுமோ. இப்படியே ஓடியது.

ஆனாலும் சும்மா இருந்துவிடவில்லை. கோயிலில் வேப்பிலை வாங்கப் போகிறேன் என்று சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிப் போனேன். மருந்தும் மேலே தடவுகிற லோஷனும் கொடுத்தார்கள். லோஷனை மாமியார் இல்லாதபோது தடவி, மேலே மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினேன். எது கேட்டதோ.

அம்மை போட்ட வீட்டின் முறை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிலைப்படியில் வேப்பிலை செருகிவிடுவோம். தாளிக்கக் கூடாது. செருப்போடு யாரும் வரக் கூடாது. குரலை உயர்த்தக் கூடாது. கை ஓங்கக் கூடாது, ஒரு கோழியைக்கூட விரட்டி அடிக்கக் கூடாது. குழந்தையின் உடம்பில் இருப்பவள் அம்மன். அவள் முன்னால் அடிதடி நடந்தால் கோபித்துக்கொண்டு உள்ளேயே தங்கிவிடுவாள். முத்து காய்ந்து உதிர ஆரம்பித்ததும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீரை, இடையில் நாள் விட்டு, மூன்று தடவை தலைக்கு ஊற்றுவார்கள். மூணாந் தண்ணி ஊற்றி முடிந்தால்தான் அம்மன் இறங்கிப் போனாள் என்று அர்த்தம். அதன் பிறகுதான் வீடு பழையபடி வீடு.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை. கதவு அறையப்படவில்லை. தட்டு பறக்கவில்லை. அவர் பூனை மாதிரி நடந்தார். குழந்தை கொப்புளத்தோடு படுத்திருக்க, நான் பயமில்லாமல் மூச்சு விட்டேன். இப்படி ஒரு தாய் இருப்பாளா என்று அப்போதும் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் அடி எங்கும் போய்விடவில்லை. ஒத்திப்போடப்பட்டிருந்தது, அவ்வளவுதான். சாப்பிட உட்காரும்போது தாழ்ந்த குரலில், ஏதோ வரப்பு விஷயம் பேசுகிற மாதிரி சொல்வார்:

"தண்ணி ஊத்தட்டும். அப்பறம் வருவா இல்ல? ரெண்டு முட்டியும். மம்முட்டிக் காம்பு போதும். அப்பறம் எங்க போயி ஆடறா பாக்கலாம்."

கத்திச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நடுங்கியிருக்காது. கொட்டகையில் கயிற்றுக்குப் பக்கத்தில் மண்வெட்டிக் காம்பு ஒன்று, தகடு கழற்றி, சாத்தி வைக்கப்பட்டிருந்தது. பால் கறக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தேன். வெளியே அவர் கையின் அரிப்பைத் தீர்த்துக்கொண்டார். வரப்பில் இருந்த வாழை இரண்டை, குலை தள்ளுகிற நேரம், கொடுவாளால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தார். கேட்டதற்கு நோய் விழுந்த வாழை என்றார்.

பக்கத்து வீட்டு அக்காவின் கைப்பேசியில் நாத்தனாரைக் கூப்பிட்டேன். போட்டி முடிந்திருந்தது. இறுதி ஆட்டத்தில் தோற்று, இரண்டாவதாக வந்திருந்தார்கள். சில நாளில் பெரிய அணிக்கான முகாம், அதற்கும் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். நடுவில் வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள்.

"வேற எங்கியும் தங்க முடியாதா?" என்றேன்.

"ஹாஸ்டல் பூட்டிக் கெடக்கு அண்ணி. இன்னா, ரொம்ப கோவமா கீறாரா?"

எல்லாம் சொன்னேன். குழந்தைக்கு அம்மை என்றதும் அவள் குரல் மாறியது. அவளுக்குச் சின்ன வயதில் போட்டிருக்கிறது, தழும்புகூட இருக்கிறது. பாப்பாவைப் பார்க்காமல் முகாமுக்குப் போக மாட்டேன் என்றாள்.

அப்போது நான் சொன்னது எனக்கே ஆச்சரியம். "வர்றதா இருந்தா இப்பவே வா. தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி வந்துடு. உன்ன யாரும் தொட மாட்டாங்க."

வந்தாள். வடக்கனந்தல் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. புருவத்தில் கருப்பு நூல் தையல், கண் ஓரம் பச்சையும் மஞ்சளுமாக வீக்கம் வடிந்துகொண்டிருந்தது. முன்பல் ஒன்று நுனி உடைந்திருந்தது. வாசலில் காலைக் கழுவிக்கொண்டே என் கன்னத்தைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, நீயும் தலயால ஹெட்டர் அடிச்சியா?"

சிரிக்கப் போய் என் உதட்டுக் காயம் மறுபடி விரிந்தது.

கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழவில்லை. முஷ்டி மட்டும் முட்டிமேல் இறுகியிருந்தது. குரலை இறக்கித்தான் கேட்டார்.

"காப்பு எங்க?"

"உள்ள போறதுக்கு முன்னாடி செக் பண்ற ஒரு அம்மா கைய, காத, கழுத்த எல்லாம் தடவிப் பாத்தாங்கண்ணா. டேப்பப் பிரிச்சிட்டாங்க. வெட்டு, இல்லன்னா வெளிய ஒக்காருன்னாங்க. நான் அழுதுகூடப் பாத்தேன். கத்திரிக்கோல என் கையில குடுத்துட்டாங்க."

"வெட்டிட்ட."

"தூக்கிப் போடலண்ணா. என்கூடவேதான் இருந்துது." பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். அதில் கயிறு, மஞ்சள் துண்டோடு, வேர்வையில் கறுத்துப்போயிருந்தது. பெருமையாக நீட்டினாள். "சாக்ஸுக்குள்ள, முட்டிக்கிக் கீழ அடிபடாம தகடு வைப்போமில்ல, அதுக்கு அடியில வச்சிக்கினு ஆடினேன். ஒரு மேட்ச்லகூட எடுக்கல."

மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"கால்லயா?" என்றார் கணவர். "அம்மா கயித்த கால்ல வச்சியா?"

அவள் முகம் அப்போதுதான் விழுந்தது. அம்மனைக் கூடவே வைத்துக்கொள்ள அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் அது. யாரும் தடவிப் பார்க்காத இடம். அது கால் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பந்தாடுகிறவளுக்குக் கால் கீழான இடமாக எப்படித் தோன்றும்? ஆனால் அவர் எழுந்து வெளியே போனார். கொட்டகைப் பக்கம் மரத்தில் ஏதோ மோதுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அவர் தென்னையைக் காம்பால் அடித்துக்கொண்டிருந்தார்.

அவள் இருந்த நாளெல்லாம் குழந்தை அவளைவிட்டு இறங்கவில்லை. வேப்பங்கொத்தால் நீவிவிட்டு, "இங்க ஒண்ணு கோல் அடிச்சிருக்கா, இங்க ஒண்ணு" என்று முத்துகளை எண்ணிச் சிரிக்க வைத்தாள். முதல் தண்ணி ஊற்றினோம். இரண்டாம் தண்ணி ஊற்றினோம். பொருக்குகள் உதிர்ந்தன. மூணாந் தண்ணி ஊற்ற வேண்டிய நாள் வந்தபோது, குழந்தையின் காது மடலுக்குப் பின்னால் இன்னும் ஒன்று காயவில்லை என்று நான் சொன்னேன். மாமியார் மடலை மடக்கிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தார்.

"ஆமா. இருக்குது" என்றார்.

கணவர் நம்பவில்லை. "இன்னும் எத்தினி நாளு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேண்டுமென்றே தள்ளுகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் அவரே அண்டாவில் தண்ணீர் பிடித்து, வேப்பிலை ஒடித்துப் போட்டு, முற்றத்து வெயிலில் வைத்துவிட்டு வந்து சொன்னார்: "இன்னிக்கி ஊத்தறீங்க."

முகாமுக்கு அவள் மறுநாள் காலை கிளம்ப வேண்டும். ஒரே ஒரு நாள் இடிக்கிறது. இன்றே போய்விடு என்றேன். "பாப்பாவுக்குத் தண்ணி ஊத்தாம போவ மாட்டேன். போனா, பயந்து ஓடினேன்னு சொல்வாரு" என்றாள். பிடிவாதம் அந்த வீட்டுச் சொத்து.

வெயில் ஏறியதும் குழந்தையை மணையில் உட்கார வைத்தேன். நாத்தனாரை உள்ளே இருக்கச் சொல்லி, மாமியாரை நிலைப்படியில் நிற்க வைத்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக, பச்சை வாசனையோடு இருந்தது. முதல் சொம்பு ஊற்றினேன். குழந்தை சிலிர்த்துச் சிரித்தாள். தலை நனைந்து முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. இன்னும் சில சொம்பு. அப்போது கொட்டகையிலிருந்து அவர் வருவதைப் பார்த்தேன். ஒரு கையில் கயிறு. இன்னொரு கையில் காம்பு. அவசரமே இல்லை. தண்ணீர் முடிகிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கிற நடை.

நான் சொம்பை அண்டாவுக்குள் விட்டுவிட்டேன்.

"ஊத்து" என்றார்.

"அதக் கீழ போடுங்க. அப்பறம் ஊத்தறேன்."

"ஊத்துடி."

குழந்தை நனைந்து உட்கார்ந்திருந்தாள். மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. அவள் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. சளி பிடிக்கும், காய்ச்சல் திரும்பும், இவ்வளவு நாள் காப்பாற்றியதை நானே கெடுக்கிறேன் என்று தோன்றியது. ஊற்றி முடித்துத் துவட்டிவிடலாம். ஊற்றினால் அடுத்த நிமிடம் உள்ளே எலும்பு உடையும். குழந்தையை அப்படியே ஈரத்தோடு அள்ளி மார்பில் அணைத்துக்கொண்டேன். அவளுக்குச் சூடு கிடைக்கட்டும் என்றுதான் தூக்கினேன்.

"மாட்டேன்" என்றேன்.

அவர் நிதானமெல்லாம் அதோடு போனது. அத்தனை நாள் அடக்கி வைத்த குரல் ஒரே கத்தலாக வெளியே வந்தது. காம்பை வீசி எறிந்தார், அது அண்டாவில் பட்டு ணங்கென்றது. கயிறு சுழன்று வந்தது. முதல் அடி என் தோளிலிருந்து முழங்கைவரை எரிந்தது. குழந்தையை மறைக்கத் திரும்பினேன். இரண்டாவது முதுகில். அதன் நுனி என் இடுப்பைச் சுற்றி வந்து குழந்தையின் பாதத்தில் விழுந்தது.

அவள் முதலில் சத்தமே போடவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. பிறகு அலறினாள்.

உள்ளேயிருந்து நாத்தனார் மாமியாரை இடித்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது முறை கயிறு மேலே போனபோது அதன் நுனியைப் பிடித்து, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தாள். தன் முழு எடையையும் பின்னால் போட்டு இழுத்தாள். அவர் வேப்பந்தண்ணீர்ச் சேற்றில் வழுக்கி முட்டி மடங்கி விழுந்தார். அவள் அவருக்கு முன்னால் வந்து நின்றாள். கை ஓங்கியிருந்தது. தையல் பிரிந்து புருவத்திலிருந்து மறுபடி இரத்தம் இறங்கியது. அடித்திருப்பாள். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

அப்போதுதான் மாமியார் கத்தினார்.

"தண்ணி முடியலடா! அம்மா இன்னும் எறங்கலடா பாவி! யார்மேலடா கயித்தப் போட்ட? யாரு கால்லடா அடிச்ச?"

எழப் போன கணவர் பாதியிலேயே நின்றுவிட்டார். என் மார்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். தலையில் ஒட்டியிருந்த வேப்பிலையை, நனைந்த முடியை, அந்தப் பாதத்தை. மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று அங்கே எழும்பிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். என்னை அடித்ததற்கோ தங்கையை அடித்ததற்கோ ஒருபோதும் அங்கே வராத பயம். அதைப் பார்த்து எனக்கு நிம்மதி வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. கயிற்றை விட்டுவிட்டுச் சேற்றில் நெற்றி படக் குப்புற விழுந்து குழந்தையின் பக்கம் கையை நீட்டினார். நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

நாத்தனார் கயிற்றைச் சுருட்டிக் கிணற்றில் போட்டாள். காம்பையும் போட்டாள். 

அன்று முழுக்க அந்த அண்டா முற்றத்தில் நின்றது. பாதித் தண்ணீரோடு, இலைகள் மேலே மிதக்க, சொம்பு அடியில் கிடக்க. ஊற்று என்று யாரும் சொல்லவில்லை. கொட்டிவிடவும் யாருக்கும் துணிவில்லை. குழந்தையைத் துவட்டி, பாதத்தில் லோஷன் தடவி, இந்த முறை மாமியாருக்கு முன்னாலேயே தடவி, தூங்க வைத்தேன். கணவர் கட்டிலுக்கு வரவில்லை.

காலையில் நாத்தனாரை பஸ் ஏற்றினேன். புருவத்தில் சுகாதார நிலையத்தில் போட்டுவிட்ட பிளாஸ்திரி. படியில் ஏறி நின்றுகொண்டு, "அந்த பிளெக்ஸ எடுத்துடச் சொல்லு அண்ணி, அதுல என் பல்லு முழுசா கீது" என்றாள். நான் அழுதுவிடக் கூடாதென்று டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் கள்ளக்குறிச்சிப் பக்கம் திரும்பி மறைந்தது.

வீட்டுக்கு வந்து குழந்தையை மறுபடி மணையில் உட்கார வைத்தேன். தண்ணீர் வெயிலில் சுட ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு சொம்பாக ஊற்றினேன். அண்டாவின் அடியில் இலை மட்டும் மிஞ்சியது. அவள் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். கோடு கறுத்திருந்தது. இன்றும் ஒரு இழை தெரிகிறது. எனக்கு மட்டும்தான் தெரிகிறதோ என்னவோ. அன்றே ஊற்றி முடித்திருந்தால் இது இருந்திருக்காது. என் நாத்தனாரின் காலும் இருந்திருக்காது. இரண்டையும் தராசில் வைக்கிற வேலையை என்னிடம் யார் கொடுத்தார்கள் என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

கொட்டகை ஓரத்திலிருந்து கணவர் மெதுவாகக் கேட்டார்: "முடிஞ்சிதா?"

குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டேன். நிலைப்படியில் வேப்பிலை வாடியிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுக் கொத்து ஒன்றைச் செருகினேன்.

"இல்ல" என்றேன். "இன்னும் இருக்கு."